ரேடியோ அக்கா திருத்திய வாக்கியம்

இரண்டு நாடுகள் ஒரே கடலுக்குத் திட்ட வரைபடம் போட உட்கார்ந்த கூட்டங்களில் குறிப்பெழுதும் வேலை எனக்கு. நான்கு வருடம், பதினேழு கூட்டம். யார் என்ன சொன்னார்கள், யார் ஒத்துக்கொண்டார்கள், யார் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் முதலில் என் கையெழுத்தில்தான் விழும், பிறகுதான் தட்டச்சாகும். அத்தனை பக்கங்களில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. அதை அடிக்கச் சொன்னவர் எங்கள் துறைமுகத்து ரேடியோ அக்கா.

அவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான்.

துறைமுகக் கட்டுப்பாட்டு அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அறைக்குள் இரண்டு ரேடியோப் பெட்டிகள், ஒரு ரேடார் திரை, சாய்ந்தால் முனகும் ஒரு சுழல் நாற்காலி. கடலைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். அக்கா வாரத்துக்கு இரண்டு முறை பழைய செய்தித்தாளைக் கசக்கி அதைத் துடைப்பார். இருபத்தேழு வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். கொஞ்சம் தடித்த, பதறாத குரல் அவருக்கு. புயல் எச்சரிக்கையையும் "சாப்பிட்டாச்சா?" என்பதையும் ஒரே சுருதியில் சொல்வார். படகுக்காரர்கள் அவரை நம்பியது அந்தச் சுருதிக்காகத்தான். எதுவாக இருந்தாலும், கேட்டதை ஒரு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே அடுத்த பேச்சுக்குப் போவார். ரேடியோ வேலையில் அது பாலபாடம்.

கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். படகு பழுதுபார்க்கும் பட்டறையில் பாதி நாள், எஞ்சினுக்கு அடியில் பாதி நாள். வீட்டில் பேசும்போதும் அக்காவுக்கு வாய் தவறி "ஓவர்" என்று வந்துவிடும். சண்டை வந்தால் அவர் கேட்பாராம்: "ஓவர் சொல்லிட்டியா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா? சொன்னாத்தானே நான் வாயத் திறக்க முடியும்?"

எதிர்க்கரை எங்களுக்கு இருபத்தாறு கடல் மைல். அது வேறு நாடு, வேறு மொழி. காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இரண்டு கரை ரேடியோ நிலையங்களும் வானிலையைப் பரிமாறிக்கொள்ளும். அது கப்பல்காரர்களுக்கென்று இருக்கிற நூறு, நூற்றைம்பது சொற்களில் முடிந்துவிடும் பேச்சு. நலம் விசாரிக்கக்கூட அதில் வார்த்தை கிடையாது.

அக்கா வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆன சமயம், ஒரு நாள் காலையில் கடும் பனிமூட்டம். எங்கள் பக்கத்துச் சின்னப் படகொன்று எஞ்சின் நின்றுபோய், நீரோட்டத்தில் எதிர்க்கரைக்கு அருகே கப்பல் பாதைக்குள் போய்விட்டது. படகில் இருந்தவருக்கு எங்கள் மொழி மட்டும் தெரியும். தேடிப் போன எதிர்க்கரைப் படகுக்கு அவர்கள் மொழி மட்டும். இடையில் இரண்டு ரேடியோ நிலையங்கள். "இடது பக்கம்", "விளக்கு", "காத்திரு" என்று அதற்கு உதவுகிற இருபது சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அக்காவும் எதிர்க்கரை ரேடியோக்காரரும் இரண்டு மணி நேரம் அந்தப் படகைக் கைப்பிடித்து நடத்துவதுபோல நடத்தி, தேடிப் போனவர்கள் கையில் சேர்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் ரேடியோவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு எதிர்க்கரைக்காரர் அந்தக் கப்பல் சொற்களையே கோர்த்துக் கேட்டார்: "காத்திருன்னு உங்க மொழியில எப்படிச் சொல்றது?"

அக்கா சொன்னார். அவர் தன் மொழியில் அதற்கு என்ன என்று சொன்னார். மறுநாள் வானிலை முடிந்ததும் "காற்று" என்ற சொல். அதற்கடுத்த நாள் "கயிறு". அப்படியே அது பழக்கமாகிவிட்டது. வானிலைக்கு இரண்டு நிமிடம், வார்த்தைக்கு அரை நிமிடம். அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். இருபத்தோரு வருடத்தில் நோட்டு ஒன்பது ஆயிற்று. அக்கா அவரை அண்ணே என்று கூப்பிடத் தொடங்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் தன் மொழியில் தங்கைக்குரிய சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டார். இருவரும் முகம் பார்த்ததில்லை. படகில் மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனால் இவருக்கு விடுப்பு கிடைக்கும்போது அவருக்குக் கிடைக்காது.

அக்காவின் கணவர் கேலி செய்வார்: "உங்க அண்ணன் கல்யாணத்துக்கும் வரல, காதுகுத்துக்கும் வரல. ஆனா தினம் காலையில ஆறு மணிக்கு வந்துடறாரு."

இப்போது வரைபடக் கதைக்கு வருகிறேன். இரண்டு அரசாங்கங்களும் அவரவர் கடலைப் பங்கு பிரித்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தன. காற்றாலை எங்கே, கப்பல் பாதை எங்கே, மீன்பிடி எங்கே, மணல் எடுப்பது எங்கே என்று. எங்கள் வரைபடத்தில் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அவர்களுடையதில் இந்தப் பக்கம் வெள்ளை. எங்கள் திட்ட அலுவலகத்துத் தலைவியை எல்லோரும் மேப் மேடம் என்றுதான் சொல்வோம். அவர்தான் ஒரு நாள் இரண்டு வரைபடங்களையும் மேஜைமேல் ஒட்டவைத்துப் பார்த்தார். நாங்கள் நீலத்தில் வரைந்த கப்பல் பாதை எல்லைக்கோட்டைத் தொட்ட இடத்தில், அவர்கள் சிப்பிப் பண்ணை வைத்திருந்தார்கள்.

"கப்பல் அங்க போய் நின்னு யோசிக்க வேண்டியதுதான்" என்றார் மேடம்.

அப்படித்தான் கூட்டங்கள் தொடங்கின. இரண்டு பக்கத்து அதிகாரிகள், மீனவர்கள், கப்பல் நிறுவனத்தார், காற்றாலைக்காரர்கள், கடல்வாழ் உயிர்களை ஆராய்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில். தலைநகரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்கள் வந்தார்கள். இஸ்திரி போட்ட கோட்டு, திருத்தமான உச்சரிப்பு. சட்டம் பேசினால் தண்ணீர்பட்ட பாடாக மொழிபெயர்த்தார்கள். மீனவர்கள் வாயைத் திறந்ததும்தான் சிக்கல். எதிர்க்கரை நண்டுப் பிடிப்போருக்குத் தலைவி ஒரு அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒட்ட வெட்டிய தலைமுடி, கயிறு அறுத்த தழும்புகள் ஓடிய கைகள். அவர் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, "எங்கள் கடலடியில் நாலாயிரம் அலமாரிகள் இருக்கின்றன என்கிறார்" என்றார்.

எங்கள் மீனவர் சங்கத் தலைவருக்குக் கட்டைமீசை என்று பெயர். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அலமாரியா? நண்டு துணிமணி மடிச்சு வைக்கவா?" என்று கேட்டார். நண்டுக் கூண்டுக்கும் அலமாரிக்கும் அந்த மொழியில் ஒரே சொல் என்று பிறகுதான் தெரிந்தது. அறை முழுக்கச் சிரித்தது. நண்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மேப் மேடம் மூன்று மாடி ஏறி ரேடியோ அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னதும் அக்கா பின்வாங்கினார்.

"எனக்கு காத்து தெரியும், எஞ்சின் தெரியும் மேடம். சட்டம் பேசினா முழிப்பேன்."

"சட்டம் பேச ஆள் இருக்காங்க. மீன் பேசத்தான் ஆள் இல்ல" என்றார் மேடம்.

அடுத்த இரண்டு கூட்டங்கள் நன்றாகவே போயின. அக்கா இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து, வலை, கூண்டு, சேறு, பாறை, நீரோட்டம் என்று எல்லாவற்றையும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு சேர்த்தார். மீனவர்கள் அவர் குரலைக் கேட்டதும் தளர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்கரைக்காரர்களில் பலருக்கும் அது ரேடியோவில் கேட்டுப் பழகிய குரல்தான். எதிர்க்கரை அண்ணன் மட்டும் கூட்டங்களுக்கு வரவில்லை. அவர் மனைவிக்கு முதுகெலும்பில் நோய். வேலை நேரம் போக வீட்டைவிட்டு நகர முடியாத நிலை.

ஐந்தாவது கூட்டம் எங்கள் மீன்சந்தையின் மாடி ஹாலில் நடந்தது. எல்லைக்கோட்டின் மேலேயே நடுத்திட்டு என்று ஒரு பெரிய மணல்திட்டு இருக்கிறது, பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. எங்கள் படகுகள் அங்கே வலை இழுக்கும். அவர்கள் கூண்டு போடுவார்கள். அதன் ஓரத்தில் காற்றாலை வரிசை வரப்போகிறது என்று திட்டம். அதிகாரிகளும் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர்களும் பக்கத்து அறையில் சட்ட வரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் மீனவர்கள், மேடம், அக்கா, நான்.

நண்டுக்காரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று எழுந்து நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா சொன்னார்: "நண்டு முட்டை வைக்கிற நாலு மாசம் திட்டை மூடணும்னு சொல்றாங்க."

கட்டைமீசை எழுந்தார். "எங்க கடலை மூட இவங்க யாரு?"

அவ்வளவுதான். நாற்காலிகள் இழுபடும் சத்தம். எங்கள் ஆட்கள் இருபத்து மூன்று பேரும் படியிறங்கிப் போய்விட்டார்கள். கட்டைமீசை கேட்டதை அக்கா மொழிபெயர்க்க நேரமே இருக்கவில்லை. நண்டுக்காரம்மா ஒன்றும் புரியாமல் உள்ளங்கைகளை விரித்து மேடத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் போய்விட்டார். நான் குறிப்பில் எழுதினேன்: "நடுத்திட்டை நான்கு மாதம் இக்கரை மீனவர்களுக்கு மூட வேண்டும் என எதிர்க்கரை நண்டுப் பிடிப்போர் கோரினர்." இக்கரை மீனவர்களுக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்தேன். அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

அதன் பிறகு பதினொரு வாரம் பேச்சில்லை. திட்டில் நண்டுக் கூண்டுகளின் கயிறுகள் அறுக்கப்பட்டன, நாற்பது கயிறுகள். யார் அறுத்தது என்று எங்கள் படகுத்துறையில் யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும். பதிலுக்கு அவர்கள் எங்கள் படகொன்றை ஒரு பகல் முழுக்கப் பிடித்துவைத்து அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பழைய திட்டப்படியே காற்றாலை வரும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது.

இந்த நாட்களிலும் காலை ஆறும் மாலை நான்கும் தவறவில்லை. ஒரு மாலை வானிலை முடிந்ததும், மனைவிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அண்ணன் சொன்னார். டாக்டர் மூன்று வாரம் மனைவியை எப்படி வைத்திருக்கச் சொன்னார் என்பதற்கு அவர் சொன்ன சொல், நண்டுக்காரம்மா கூட்டத்தில் சொன்ன அதே சொல். அக்காவின் காதில் அது "மூணு வாரம் மூடி வைக்கணும்" என்று விழுந்தது. அக்கா சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணே, அண்ணி என்ன கடையா, மூடறதுக்கு?"

அந்தப் பக்கமும் சிரிப்பு. பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். "துறைமுகத்துக்குச் சொன்னாத்தான் மூடறது. மத்த எல்லாத்துக்கும் அது ஓய்வு. நிலத்த ஒரு போகம் சும்மா விடறோம்ல, உடம்ப கட்டில்ல சும்மா போட்டு வைக்கிறோம்ல, அதுக்கெல்லாம் இதே வார்த்தைதான். நான்தான் உனக்கு ரேடியோ அர்த்தத்த மட்டும் சொல்லிக் குடுத்துட்டேன்."

அக்கா அந்த மொழியைக் கற்ற வழி அப்படி. புயல், பழுது, ஆபத்து, தடை எல்லாவற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது. ஓய்வுக்கு ரேடியோவில் வேலை வந்ததே இல்லை.

சிரிப்பு அப்படியே உறைந்துபோனது என்று பிறகு என்னிடம் சொன்னார். நண்டுக்காரம்மா வாக்கியத்தின் கடைசியில் இன்னொரு சின்னச் சொல் இருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவர் பேச்சின் வால் என்று விட்டுவிட்டிருந்தார். அண்ணனிடம் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி, அந்தம்மாவையே கேட்டு வரச் சொன்னார். மறுநாள் காலை பதில் வந்தது. "நாலு மாசம் திட்டுக்கு ஓய்வு குடுக்கலாம், எல்லாருமா." அதுதான் வாக்கியம். எங்கள் கூண்டை நாங்களே முதலில் எடுக்கிறோம் என்று அடுத்துச் சொல்லத்தான் அவர் காத்திருந்தாராம். அதற்குள் ஹால் காலியாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தபடியே கேட்டார்: "யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

"பயமா இருக்கா?"

"வேலை போகும்னு பயம் இல்லைங்க. பனிமூட்டத்துல என் குரலை நம்பித்தான் எல்லாரும் திரும்பறாங்க. இதுல தப்பா சொன்னவ அதுல சரியா சொல்லுவாளான்னு ஒரு நிமிஷம் யோசிச்சா போதும், படகு பாறையில ஏறிடும்."

கணவர் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "எஞ்சினைத் தப்பா மாட்டிட்டேன்னு எனக்கே தெரிஞ்சா கழட்டித்தான் ஆகணும். கழட்டும்போது கை கிழியும். கிழியட்டும். நானும் கூட வரேன், வா."

அவர்கள் இருவரும்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அக்கா நேரே என் மேஜைக்கு வந்து, "தம்பி, உங்க குறிப்புல ஒரு வாக்கியத்த அடிக்கணும்" என்றார். மேடத்தின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். புயல் அறிவிப்பு வாசிக்கும் அதே சுருதி. "ரேடியோவுல கேட்டதைத் திருப்பிச் சொல்லாம நான் விட்டதே இல்ல மேடம். அந்த நாற்காலியில உக்காந்தப்ப மட்டும் விட்டுட்டேன். எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்களா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்கணும்னு தோணிடுச்சு."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். "ஒருத்தர் சொன்னதை நாப்பது பேர் கேட்டோம். ஒருத்தர்கூட திருப்பிக் கேக்கல. நானும்தான் அங்க உக்காந்திருந்தேன்." பிறகு, பெயர் போடாமல் மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தது என்று அலுவலகமே கடிதம் எழுதலாம் என்றார்.

"வேண்டாம் மேடம். பேர் போடலேன்னா ஆளுக்கு ஒரு பேரா போட்டுக்குவாங்க. நானே போய்ச் சொல்லிடறேன்."

நானும் அப்போதுதான் வாயைத் திறந்தேன். இக்கரை மீனவர்களுக்கு என்ற சொற்கள் என்னுடையவை என்று சொன்னேன். மேடம் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "நல்லா மாட்டினோம் மூணு பேரும்" என்றார்.

அன்று மதியமே படகுத்துறைக்குப் போனோம். கட்டைமீசை கரையேற்றிய தன் படகின் அடிப்பக்கத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்பவே இல்லை. பிரஷ் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் நின்றது.

"அப்ப, தன் கூண்டையும் எடுக்கறேன்னுதான் அந்தம்மா சொன்னாங்களா?"

"ஆமாங்க. முதல்ல தாங்களே எடுக்கறோம்னு."

அவர் பிரஷை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று அக்காவின் கணவர் ஒரு அடி முன்னால் வந்து நின்றுகொண்டார். கட்டைமீசை தரையைப் பார்த்தபடி, "நாப்பது கயித்த அறுத்துட்டோமேக்கா" என்றார்.

எங்கள் படகுத்துறையில் அந்த விஷயத்தை யாராவது வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று சங்கத்தில் எல்லோரையும் கூட்டினார். அக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார், இனி ரேடியோவில் சொல்வதையும் இரண்டு தடவை யோசிக்கணும்போல என்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான படகோட்டி எழுந்து, "நீ யோசி. எஞ்சின் நின்ன அன்னிக்கு என்னை இழுத்துக் கொண்டாந்தது அக்காதான்" என்றார். பனிமூட்டத்தில் சிக்கிய அந்தப் படகு அவருடையது. அக்கா அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து மீன்பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கூட்டம் எதிர்க்கரையில், ஒரு ஆரம்பப்பள்ளியின் சாப்பாட்டு அறையில். நாற்காலிகள் எல்லாம் குழந்தைகளுக்கானவை. ஆறடி ஆட்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்ததில் யாருக்கும் விறைப்பாக இருக்க முடியவில்லை, அதுவும் ஒரு நல்லதாகப் போயிற்று. எங்கள் ஆட்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று கயிற்றுச் சுருள்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நாற்பது சுருள், எல்லாம் புதுசு.

அக்கா எழுந்து அவர்கள் மொழியிலேயே பேசினார். தான் எந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார், எதை விட்டார் என்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தான் இப்போது பேசியதை எங்கள் மொழியில் சொன்னார். நண்டுக்காரம்மா முடிவுவரை கேட்டுவிட்டு எழுந்தார். தழும்பேறிய கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். அக்கா எங்களுக்குச் சொல்லும்போது குரல் ஒரே ஒரு முறை தடுமாறியது.

"நான் ஒரே ஒரு வாக்கியம் பேசிட்டு உக்காந்துட்டேன். புரிஞ்சுதான்னு நானும் கேக்கலியே. அதுல பாதி என்னோட தப்பு. மீதிய நீ வச்சுக்க."

கட்டைமீசை கயிற்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் இறக்கினார். நண்டுக்காரம்மா ஒரு சுருளை எடுத்து, பிரித்து, முறுக்கை விரலால் நெருடிப் பார்த்தார். ஏதோ சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே, "நீங்க அறுத்ததவிட இது நல்ல கயிறுன்னு சொல்றாங்க" என்றார்.

அன்றைக்கு அக்கா ஒரு விதி கேட்டார். யார் எதைச் சொன்னாலும், பதில் சொல்லுமுன் எதிர்த் தரப்பு அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரி என்ற பிறகுதான் பதில். ரேடியோவில் செய்வது போலவே. மீனவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் நேரம் இரட்டிப்பாகும் என்று முகம் சுளித்தார்கள். உண்மைதான், ஒரு கூட்டம் ஒன்றரை நாள் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. காற்றாலை நிறுவனத்து அதிகாரி ஒருவர், மீனவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது பாதியில் நின்று, "இருங்க, அப்படின்னா நாங்க கம்பிவடம் போட நினைச்ச இடத்துலதான் குஞ்சு நண்டுங்க இருக்கா?" என்று தானே கேட்டதை நான் எழுதியிருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பள்ளி வாசலில் ஒரு குள்ளமான, வழுக்கைத் தலை மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா இருபத்தோரு வருடமாக அண்ணனை நெட்டையாக, அடர்த்தியான தலைமுடியோடு நினைத்திருந்தாராம். அவர் "தங்கச்சி" என்றதும்தான் அடையாளம் தெரிந்தது. இருவரும் அன்றைய காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். தென்மேற்கு, மிதமான வேகம்.

இன்னும் இரண்டரை வருடம் ஆயிற்று. கடைசியில் ஒட்டுப்போடாத ஒரே வரைபடம் வந்தது. வெள்ளை இடம் எதுவும் இல்லை. காற்றாலை வரிசை மூன்று மைல் தள்ளிப்போனது. கப்பல் பாதை சிப்பிப் பண்ணையைச் சுற்றி வளைந்தது. நடுத்திட்டுக்கு வருடத்தில் நான்கு மாதம் ஓய்வு, இரண்டு பக்கத்துக்கும். எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. எங்கள் இழுவைப் படகுகள் சிலவற்றுக்கு இப்போது நாற்பது நிமிடச் சுற்று. கட்டைமீசையின் மைத்துனர் படகும் அதில் ஒன்று. அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஓய்வுக்குப் பிந்திய இரண்டாவது வருடம் கூண்டுகள் கனத்து ஏறியதை நானே அந்தம்மாவின் படகிலிருந்து பார்த்தேன். முட்டை சுமந்திருந்த பெண் நண்டொன்று தவறி வந்திருந்தது. அதை அவர் இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டார்.

அக்கா தன் தவறை மறைத்திருந்தால் அவருக்கு எதுவும் ஆகியிருக்காது. அதாவது, எதுவுமே நடந்திருக்காது. என் குறிப்புக் கட்டுக்குள் ஒரு பொய் என் கையெழுத்தில் அப்படியே கிடந்திருக்கும். அதற்காக அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி ஒன்று இருக்கிறது. ஒரு முறை சொல்ல முயன்றேன். "என்கிட்ட எதுக்கு தம்பி? கேக்க மாட்டேன்னு ஒருத்தராவது முகத்த திருப்பியிருந்தா நான் முடிச்சிருக்கவே மாட்டேன்" என்று சொல்லி, ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கிவிட்டார். கணவர், அண்ணன், மேடம், கட்டைமீசை, அந்த வயதான படகோட்டி, கையைப் பிடித்துக்கொண்ட நண்டுக்காரம்மா. எண்ணும்போது அவர் முகம் ஒரு நல்ல வானிலை அறிவிப்பைப் படிப்பதுபோல இருந்தது.

போன வருடம் அக்காவுக்கும் கணவருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு கிடைத்தது. எதிர்க்கரைக்குப் போய் அண்ணன் வீட்டில் நான்கு நாள் தங்கினார்கள். அண்ணி இப்போது கோலை வைத்துக்கொண்டு நன்றாக நடக்கிறார். இரண்டாம் நாள் காலை அக்கா கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், அண்ணனின் பழைய தோணி எஞ்சின் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் எங்கள் மொழியில் ஏதோ சொல்கிறார். அண்ணன் தன் மொழியில் அதை மறுக்கிறார். கணவர் ஒரு திருகாணியைத் தூக்கிக் காட்டுகிறார். அண்ணன் தலையில் அடித்துக்கொள்கிறார்.

பழக்கதோஷத்தில் அக்கா நடுவில் போய் நின்று, "என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்தார்.

கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை ஆட்டினார். "நீ உள்ள போ. நாங்க பேசிட்டு இருக்கோம்ல."

அக்கா உள்ளே போனார். அண்ணி அவருக்கும் சேர்த்து டீ ஊற்றிவைத்திருந்தார். ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. மதியம்வரை இருவரும் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.